சிவப்புப் பொட்டு வைத்த கரப்பான்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காமல் போகட்டும்.

"என் சமையலறையில கரப்பானா! எல்லாம் உன் புத்தகப் பெட்டியோட குடிவந்ததுதான். நாளைக்குப் பழைய பேப்பர்காரர் வர்றார். அஞ்சு பெட்டியும் போகுது" என்று ஒரே போடாகப் போட்டார் மாமியார்.

புது மருமகள் விடுவாளா? பள்ளிக்கூடத்து நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்த புத்தகங்கள்!

"நல்லாப் பாருங்க அத்தை. விரல்நகம் அளவுதான் இருக்கு, கழுத்துக்கிட்ட ரெண்டு கறுப்புக் கோடு. சாக்கடையில இருந்து வர்ற பெரிய கரப்பான் இல்ல இது. தீனியும் கதகதப்பும் இருக்கிற இடத்துலதான் குடித்தனம் பண்ணும். என் புத்தகத்துல என்ன இருக்கு?"

"அதான் எங்களுக்கும் தெரியல" என்றார் மாமனார், ஓயாமல் பாடும் தன் பழைய ரேடியோவுக்குப் பக்கத்திலிருந்து.

"சரி, இதையே கேட்டுருவோம்."

மருமகள் ஒரு கரப்பான்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தாள். முதுகில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

"விட்டா தன் வீட்டுக்குத்தானே போகும்?"

"அதெல்லாம் எதுக்குடி? பேசாம மருந்தை அடி."

"பயமா அத்தை?"

அது போதாதா? "யாருக்குடி பயம்? விடு!"

பொட்டு காய்ந்தது. கரப்பான் புது மாப்பிள்ளை மாதிரி நின்று, மீசையை ஒருமுறை ஆட்டிவிட்டு எடுத்தது ஓட்டம். பின்னாலேயே மருமகள் தவழ, முட்டிவலியை மறந்து மாமியார் தவழ, ஊர்வலம் கூடத்துக்கு வந்தது. புத்தகப் பெட்டிகளை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேஜைக்கால் வழியாக ஏறி, ரேடியோவின் பின்மூடி இடுக்கில் புகுந்துகொண்டது.

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. "தொடாதேம்மா, ஷாக் அடிக்கும்!"

அவள் பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினாள். உள்ளே காப்பித்தூளைத் தூவியது போல எச்சம். நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா.

சர்க்கரை வியாதிக்காரரான மாமனார், மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று மருமகளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"என்னடி அங்க?"

மருமகள் புத்தகப் பெட்டிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"பிஸ்கட் அத்தை. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

"ஏன், இந்த வீட்டுல உன்னைப் பட்டினியா போட்டோம்?"

"சின்னப் பொண்ணு, விடு, விடு" என்று பெருந்தன்மையாகச் சிபாரிசு செய்தார் மாமனார்!

ரேடியோவைத் துடைத்து, இடுக்குகளில் மருந்துப்பசை வைத்து முடித்ததும், மாமியார் அவளைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"உனக்குப் பொய்யே சொல்ல வரலையேடி! நீ வர்றதுக்கு முன்னாடியே அந்த டப்பா அங்க இருக்கு. மனுஷன் மானம் போகக் கூடாதேன்னுதான் உன் பெட்டி மேல பழியைப் போட்டேன். பேப்பர்காரரை நான் கூப்பிடவே இல்ல."

"தெரிஞ்சுமா விட்டு வெச்சீங்க? மாமாவுக்குச் சர்க்கரை..."

"விடுவேனா? அவர் வாங்கி வைப்பார். நான் அதே மாதிரி சர்க்கரை இல்லாததை மாத்தி வெச்சிருவேன். இத்தனை வருஷமா, திருட்டு ருசியையே தித்திப்புன்னு நெனச்சுத் தின்னுட்டிருக்கார்!"

பெரியவருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. நீங்களும் கேட்டதோடு சரி. யார் சொன்னதென்று மூச்சு விட்டுவிடாதீர்கள்.