இன்றைக்குப் பெயர் நடாஷா

ஜெயரூபினி கதவைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது, நான் வந்த நேரம் பிழை.

அடுத்த வீட்டு விடயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவள் இரவல் கேட்ட நீலச் சேலையைக் கொடுக்கத்தான் போனேன். அங்கே ஒரு கதிரை சும்மா கிடந்தது. என்ன செய்வது, இருந்துவிட்டேன்.

சேலை நாளைய வேலைக்கு. ஏதோ கம்பனியின் தொடக்க விழாவாம். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நிற்க நீலச் சேலை கட்டிய பெண் தேவையாம். எங்கே என்று கேட்டேன். இடத்தை முதல்நாள்தான் சொல்லுவார்களாம், இன்னும் வரவில்லையாம். போன கிழமையே பதிந்த வேலை.

இவளுடைய பிழைப்பே அப்படித்தான். கொழும்பில் ஓர் ஏஜென்சி. கூட்டம், மாநாடு, விழா என்று எந்தக் கம்பனி கேட்டாலும் நாட்கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும். சில நாள் நேரில் போய் நிற்க வேண்டும், சில நாள் வீட்டிலிருந்தே இணையத்தில் கூட்டம் நடத்த வேண்டும். யாருக்கு வேலை செய்கிறோம் என்பது தொடங்கும்வரை தெரியாது. ஒருதரம் மாட்டேன் என்றால் பிறகு கூப்பிட மாட்டார்கள்.

கூட்டத்துக்கு ஒரு பெயர் வேறு. போன மாதம் ஷெரின். இன்றைக்கு நடாஷா. ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியார் கேள்விப்பட்டால் மயங்கி விழுவார்.

முகத்தைக் காட்டாமல் நடத்தும் கூட்டத்துக்கு உதட்டுச் சாயம் எதற்கு என்று கேட்டேன். அதைப் பூசினால்தான் கொழும்புக் குரல் வருமாம்.

"சத்தம் போடாதேங்கோ அன்ரி. தொடங்கப் போகுது."

"நான் எப்ப பிள்ளை சத்தம் போட்டனான்?"

கொம்பியூட்டரில் முகங்கள் வரிசைக்கு வந்தன. கோட் போட்டவர்கள், கண்ணாடி போட்டவர்கள், முதுகுக்குப் பின்னால் பொய்ப் புத்தக அலுமாரி வைத்தவர்கள். அதில் ஒருவர் விளக்கம் சொன்னார். களப்பு கடலோடு சேருகிற வாயில் இறால் பண்ணை போடப் போகிறார்களாம். அதற்கு ஊர்மக்களின் கருத்தைக் கேட்கிறார்களாம்.

எங்கள் களப்பு.

ஜெயரூபினியின் தகப்பன் யாகப்பு அண்ணை வலை போட்டுக் குடும்பம் நடத்துகிற களப்பு. அவருடைய தோணியும், வலை வைக்கும் தகரக் கூரை வாடியும் அந்த வாயடியில்தான். கடற்றொழிலாளர் சங்கத் தலைவரும் அவர்தான். சில நாட்களாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேச்சுப் பழகினார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே அது பாடமாகிவிட்டது.

காலையில் தகப்பன் கூட்டம் என்று சங்கத்துக்குப் போனார். மகள் கூட்டம் என்று கதவைச் சாத்தினாள். இரண்டும் ஒரே கூட்டம் என்று இருவருக்கும் தெரியாது.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் சாயம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"அடுத்து, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். ஐயா, நீங்கள் பேசலாம்," என்றாள் நடாஷா.

பெற்ற தகப்பனை ஐயா என்றாள்.

பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சேட்டுடன் யாகப்பு அண்ணை திரையில் வந்தார். சங்கக் கட்டடம் எங்கள் பின்வேலிக்கு அங்கால்தான். அதனால் ஒரே குரல் இரண்டு தரம் கேட்டது. முதலில் யன்னலால், ஒரு மூச்சுப் பிந்திக் கொம்பியூட்டரால்.

"வாயை மறிச்சியளெண்டா மீன்குஞ்சு உள்ளுக்க வராது. பிறகு நாங்கள் எதைப் பிடிக்கிறது? உங்கட ரிப்பனையோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ரிப்பன் என்றதும் மடியிலிருந்த சேலையைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுடைய கைபேசி அதிர்ந்தது. ஏஜென்சிதான். நான் எட்டிப் பார்க்கவில்லை. எழுத்துத்தான் பெரிதாக இருந்தது.

'இவரை மியூட் பண்ணு. படம் இருக்கட்டும்.'

அவள் விரல் அசையாமல் நின்றது. கைபேசி மறுபடி அதிர்ந்தது.

அழுத்தினாள்.

அதன் பிறகு யாகப்பு அண்ணையின் குரல் யன்னலால் மட்டும் வந்தது. திரையில் அவர் வாயை அசைத்தார், கையை நீட்டினார், நெஞ்சில் அடித்துக் காட்டினார். கோட் போட்டவர் ஒருவர் தேத்தண்ணி குடித்தார். சங்கத்துக் கைபேசியைக் கதிரையில் சாத்திவிட்டு எட்ட நின்று பேசுகிற மனிசனுக்கு, மூலையில் விழுந்த சின்னச் சிவப்பு அடையாளம் எங்கே தெரியப் போகிறது?

நிறையப் பேசினார். ஒன்றையும் மறக்கவில்லை. பாடமாக்கியவள் சொல்கிறேன்.

அவர் கும்பிட்டதும் எல்லா முகங்களும் கைதட்டின.

"ஐயாவின் ஒத்துழைப்புக்கு நன்றி," என்று கைபேசியைப் பார்த்து வாசித்தாள் நடாஷா.

கூட்டம் முடிந்தது. ஜெயரூபினி புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். அது கன்னம்வரை இழுபட்டது.

அப்போதுதான் கைபேசியில் நாளைய இடம் வந்தது. வரைபடத்தில் ஒரு புள்ளி. அவள் விரலால் பெரிதாக்கினாள். களப்பு வாய். இன்னும் பெரிதாக்கினாள். புள்ளி ஒரு தகரக் கூரையின் மேல் நின்றது. பாதி நீலம், பாதி துரு. ஊரில் அப்படிக் கூரையுள்ள வாடி ஒன்றுதான்.

போன கிழமையே பதிந்த வேலை.

படலை கிறீச்சிட்டது. யாகப்பு அண்ணை வியர்வையோடும் சிரிப்போடும் உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் தொடங்கினார்.

"கேட்டனியே மலர்? ஒருத்தரும் குறுக்க கதைக்கேல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தவை. கூட்டத்தை நடத்தின பிள்ளையும் நல்ல மரியாதை."

என் மடியைப் பார்த்தார். "இந்தச் சேலை ஆருக்கு?"

ஜெயரூபினி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்குத்தான் அப்பா. நாளைக்கு வேலை."

"அப்ப சேலையோட பஸ்ஸுக்கு நிக்காத பிள்ளை. நானே மோட்டச்சைக்கிளில கொண்டுபோய் விடுறன். எங்க எண்டு சொல்லு."