துத்தத் தண்ணீர்

“உன் எருவுல வெளஞ்சதை அக்கா ஒரு வாய் தின்னட்டும் மாப்ளே. நாளைக்கே ரெண்டு வண்டி ஏத்திக்கறேன். நான் ஏத்தினா அரியாங்குப்பமே ஏத்தும்.”

சொல்லிவிட்டு இலை முன் உட்கார்ந்தார் ஆதிமூலம். அக்கா மகன் குமாரவேல் தலையைக் குனிந்துகொண்டான். புதுச்சேரிச் சாக்கடை வந்து தேங்கும் தொட்டிகளில் அவனுக்கு வேலை. அடியில் படிகிற சேற்றில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரைக் கலந்து, கிருமியையும் புழு முட்டையையும் சாகடித்து, காயவைத்து எருவாக்கியிருந்தான். இரும்பு பட்டால் செம்பு பூசினாற்போல் சிவந்துவிடும் தண்ணீர் அது, மரக்கோலால்தான் கலக்குவான். எரு மலையாய்க் கிடந்தது. வாங்கத்தான் ஆளில்லை. பொங்கலுக்குள் போகாவிட்டால் அந்த வேலையையே நிறுத்திவிடுவார்களாம்.

“என்னை எதுக்குடா இழுக்கற?” என்றாள் அஞ்சலாட்சி, தம்பி பக்கத்தில் உட்கார்ந்தபடி. “அந்தச் சேறு இந்த வாசப்படி தாண்டாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்.”

மகனையே கிணற்றடியில் குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள். வாளிக் கயிற்றைக்கூட அலசி வைக்கிறவள்.

மருமகள் ஜெயம் இருவர் இலையிலும் கத்திரிக்காய்க் கறி பரிமாறிக்கொண்டிருந்தாள். மாமியார் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், அந்த எருவில் ஒரு கூடை கொண்டுவந்து கொல்லையில் கத்திரிச் செடிகளுக்குப் போட்டவள் அவள்தான். அத்தை ருசித்துச் சாப்பிடும்போதெல்லாம் அவளுக்குள் பயமும் பெருமையும் ஒன்றாகவே புரளும். எது பெரிது என்று தெரிந்ததில்லை. இப்போது, புருஷனின் குனிந்த தலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“அத்தை தின்னுக்கிட்டுதான் இருக்காங்க மாமா. இந்தக் கத்திரிக்கா அந்த எருவுல காய்ச்சதுதான். நான்தான் போட்டேன்.”

ஆதிமூலம் தன் இலையைப் பார்த்தார். “அப்ப நானும் தின்னுட்டனா?”

அஞ்சலாட்சி வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

“எவ்வளவு போட்ட?”

“ஒரு கூடை அத்தை.”

“ஒரு கூடைக்கு இப்படிக் காய்க்குமாடி, பைத்தியக்காரி? இன்னொரு கரண்டி வை.” தம்பி பக்கம் திரும்பினாள். “தின்னுட்டேன்டா. போய் வண்டியைக் கட்டு.”

ஜெயத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குமாரவேல்தான் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். திரும்பி வந்தவன் கையில் அம்மாவின் களைக்கொத்து. அதன் இரும்பு நுனி செம்புக் குடம்போல் சிவந்து பளபளத்தது.

“வாசப்படி தாண்டாதுன்னியேம்மா?”

“கொல்லை வழியாத்தான கொண்டாந்து போட்டேன்,” என்றாள் அஞ்சலாட்சி. “அதுவும் எருவை வெட்டின கொத்தை, உன் துத்தத் தண்ணியிலயே முக்கிக் கழுவிட்டுத்தான் வந்தேன்.”