ஓடுகிற வண்டி

“ஹைபிரிட் காரு வாங்குனா பொக கொறையும்டி. ஊருக்கே நல்லது.”

“தெனம் டவுனுக்கு ஓட்றவங்க வாங்கட்டும். நாம வாரத்துல ஒருநாள் வில்லியனூர் போறோம். புது வண்டிய செய்றதுக்கே எம்மா பொக போவும்? நல்லா ஓடுற வண்டிய ஏன்பா தள்ளி வுடற?”

நேற்று சாப்பிடும்போது கலைவேந்தனும் அவன் மனைவி ஜெயசுதாவும் பேசியது இது. இப்போது மடுகரையில் கரும்புத் தோகைகளின் மேல் காலை வெயில் ஏறுகிறது. கணவனின் சலவை வேட்டியை விரித்துப் பிடித்தபடி, பழைய காரின் சைலன்சருக்குப் பின்னால் ஜெயசுதா குந்தியிருக்கிறாள். அவன் உள்ளேயிருந்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறான். வேட்டி பாய்மரம்போலப் புடைக்கிறது. இஞ்சின் சத்தத்தில் கரகரப்பே இல்லை. ஞாயிறுதோறும் கையில் கிரீஸோடு அவன் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் வண்டி. புது வண்டி வந்தால் தன்னை ஸ்டியரிங்கைத் தொடக்கூட விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமானதிலிருந்து ஒன்றைக் கேட்க நினைத்து, ஒவ்வொரு பயணத்திலும் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து விழுங்கியிருக்கிறாள். அவன் இறங்கி வருகிறான்.

“என் வேட்டிதான் கெடச்சுதா ஒனக்கு?”

“பாரு.”

வெள்ளைத் துணியில் நாலு சொட்டுத் தண்ணீர் மட்டும் மினுங்குகிறது, கரி இல்லை. சிரிப்பை அடக்கமுடியாமல் அவன் டிக்கியைத் தட்டுகிறான், பரிசு வாங்கிய பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோல.

“சரி, இதுவே இருக்கட்டும்.”

ஜெயசுதா எழுந்து, ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்துக்கொள்கிறாள்.

“அப்ப எனக்கு ஓட்டக் கத்துக் குடுப்பா.”