அரை அளவு

பன்னிரண்டாம் தேதியிலிருந்து கடிகாரக்காரரின் கண் மங்கத் தொடங்கியிருந்தது.

வரைபடம் அப்படித்தான் சொன்னது. அம்மையார் அதை விளக்கின் அருகே இழுத்து மறுபடியும் பார்த்தார்.

பகலெல்லாம் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை அவருக்கு. பொழுது சாய்ந்தால் அதே அச்சகத்தின் மாடியறையில், வால்வெள்ளி நோக்குவோர் சங்கத்தின் தொகுப்பாளர். முப்பத்தேழு பேர், முப்பத்தேழு மொட்டைமாடிகள். ரொட்டி சுடுபவரும் பேருந்து ஓட்டுபவரும் கடிகாரம் பழுதுபார்ப்பவரும் பள்ளிக் காவலாளியும் அந்தியில் அண்ணாந்து பார்த்து, வால்வெள்ளி இன்று எவ்வளவு வெளிச்சம் என்று ஓர் எண்ணை அனுப்புவார்கள். அம்மையார் எண்களைப் புள்ளியாக்குவார், புள்ளிகளைக் கோடாக்குவார்.

அந்த எண் கண்ணாலும் நேர்மையாலும் மட்டுமே பிறக்கும். விண்மீன் ஊசிமுனை, வால்வெள்ளியோ பஞ்சுத் துணுக்கு. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? பைனாகுலரைத் திருகி, எவ்வளவு வெளிச்சம் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு விண்மீனை வால்வெள்ளியின் அகலத்துக்குக் கலங்கவிட வேண்டும். பிறகு எது தூக்கல், எது மங்கல் என்று தன் மனத்தைத் தவிர வேறு சாட்சியில்லாமல் சொல்ல வேண்டும்.

ஆளுக்கொரு கண். ஒன்று எப்போதும் கூட்டிச் சொல்லும், இன்னொன்று எப்போதும் குறைத்துச் சொல்லும். அது குற்றமில்லை. மாறாதிருந்தால் போதும், கழித்துக்கொள்ளலாம்.

மாறாதிருப்பதில் கடிகாரக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முப்பது ஆண்டுகள், நாற்பத்தொரு வால்வெள்ளிகள். மற்ற முப்பத்தாறு கண்களையும் சங்கம் அந்த ஒரு கண்ணை வைத்தே நேர்செய்தது. பல்சக்கரம் பார்த்துப் பழகிய கண்ணல்லவா என்று மெச்சி, வரும் ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டத்துக்கும் ஏற்பாடு செய்திருந்தது.

அம்மையாருக்கு அந்தக் கண்மீது தனிப்பட்ட நன்றி ஒன்றும் இருந்தது. கணவரைப் பறிகொடுத்த ஆண்டில், வேளை தவறாமல் வீட்டுக்குள் வந்தது அந்த எண் ஒன்றுதான். அதைக் குறித்துவைத்த பிறகே அவருக்குச் சோறு இறங்கியது.

இப்போது பத்து நாளாக, மற்றவர்களின் கோட்டைவிட அரை அளவு, அதாவது வெளிச்சக் கணக்கில் அரைப் படி, குறைவு. ஒரு நாள் என்றால் மேகம். இரண்டு நாள் என்றால் அசதி. பத்து நாளும் அதே அரை!

கண்ணில் கோளாறு என்றால், அது எப்போதிலிருந்து? அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் முப்பது ஆண்டும் ஆட்டம் காணும். அந்தக் கண்ணை நம்பிய முப்பத்தாறு பேரின் உழைப்பும் கூடவே சரியும்.

கேட்காமல் விட்டால் அது பிழை. அம்மையார் தொலைபேசியை எடுத்தார்.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பன்னெண்டாம் தேதியிலேர்ந்து உங்க கண்ணுக்கு ஏதாச்சும்…?”

“என் கண்ணு கல்லு மாதிரி இருக்கும்மா,” என்றார் கடிகாரக்காரர். “ஆபரேஷன் என் வீட்டுக்காரிக்கு. பன்னெண்டாம் தேதிதான் கட்டுப் போட்டாங்க. ஒரு மாசம் படியேறக் கூடாதாம்.”

மனைவியின் கண்ணில் கட்டு விழுந்தால், கணவர் சொல்லும் வெளிச்சம் ஏன் குறைய வேண்டும்?

அதையே அவரிடம் கேட்டார்.

“நான் பார்க்கிறது இந்தப் பத்து நாளாத்தான். அதுக்கு முன்னாடி பூரா பார்த்தது அவ. சேர்றப்ப படிவத்துல குடும்பத் தலைவர் பேருன்னு இருந்துச்சு, என் பேரை எழுதினோம். அப்புறம் நீங்கல்லாம் கடிகாரக்காரர் கண்ணு, கடிகாரக்காரர் கண்ணுன்னு கொண்டாடினீங்களா… இனிச்சுச்சு, வாயைத் தொறக்கல. பத்து நாள் கழுத்து வலிச்சப்புறம்தான் புத்தி வருது. ஞாயித்துக்கிழமை என்னை மேடை ஏத்தாதீங்கம்மா.”

படிவம்.

அம்மையாரின் காது சுட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் படிவம் அச்சேறுமுன் வரிவரியாகப் படித்தவர் அவரேதாம். விட்டுப்போன ஒற்று ஒன்றைச் சேர்த்தார். காற்புள்ளி ஒன்றை நகர்த்தினார். குடும்பத் தலைவர் பெயர் என்ற வரியை, ஒரு பெண்ணின் விரல், தயங்காமல் கடந்து போயிற்று. பிழையில்லை என்று அடியில் கையொப்பமும் இட்டது.

“போனை அக்காகிட்ட குடுங்க,” என்றார்.

கைமாறும் சலசலப்பு. பிறகு கணீரென்று ஒரு குரல்.

“தங்கச்சி, இவரைத் திட்டாதம்மா. கடிகாரக் கண்ணு, எதையும் மங்கலாப் பார்க்கவே வராது. நட்சத்திரத்தைக் கலங்கவிடுங்கன்னா, கூர்மையாவே வச்சுக்கிட்டு ஒப்பிடுறாரு. அப்புறம் வால்நட்சத்திரம் பாவம், சோகையாத்தானே தெரியும்? அந்தப் பத்து நாளையும் கூச்சப்படாம அடிச்சிடு.”

பின்னாலிருந்து, “நாலு நாள்ல கத்துக்கிடுவேன்!” என்று கடிகாரக்காரர் முறையிட்டார்.

அம்மையார் பத்துப் புள்ளிகளையும் கோடிட்டு அடித்தார். முப்பது ஆண்டும் அசையாமல் நின்றது.

நன்றி தொண்டைவரை வந்துவிட்டது. இத்தனை காலம் வேறொருவர் வாசலில் கொண்டுபோய்க் கொட்டிய நன்றி. ஆனால் அதைச் சொல்லுமுன் கேட்டாக வேண்டியது ஒன்று இருந்தது.

“அக்கா, உங்க பேரு?”

அம்மையார் பேனாவைத் தாளில் வைத்தார்.

மறுமுனை, யாரோ வால்வெள்ளியின் அளவு கேட்டதுபோல், அவசரமில்லாமல், எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கியது.