அடமானச் சந்து

எத்திராஜ் தனகோட்டிக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அக்னி நட்சத்திரம் பிறந்தும் தந்தபாடில்லை. "பணம் வர்ற வரைக்கும் உன் எடத்தக் குடு மாமே" என்றான் தனகோட்டி.

அந்த இடம், இரண்டு குடோன்களுக்கு நடுவில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு சந்து. மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பினால் முதலில் அங்கேதான் நுழையும். இவ்வளவு பெரிய பட்டணத்தில் எத்திராஜுக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான். மூட்டை சுமக்கத் தலையில் வைக்கிற சும்மாட்டை ஒருவன் போட்டு வைத்த இடத்தில் இன்னொருவன் படுக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு.

எத்திராஜ் சும்மாட்டை எடுத்துக்கொண்டான். "ஏசி ரூமையே அடமானம் வெச்சுட்டேன்டா" என்று சிரித்தபடி தகரக் கொட்டகைக்குப் போய்ப் படுத்தான்.

அன்றைக்குக் காற்று ரொம்பத் தாமதமாக வந்தது. வந்ததும் தனகோட்டி அயர்ந்து தூங்கிவிட்டான். லாரிச் சத்தத்தில் விழித்து, கொட்டகைக்குப் போய்க் குரல் கொடுத்தான். "மாமே, லோடு வந்துருச்சு. ஏந்துரு."

எத்திராஜ் எழவில்லை. உடம்பு கூரைத் தகரம் மாதிரி சுட்டது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

நாலு பேர் தூக்கி வந்து சந்தில் கிடத்தினார்கள். காற்று நன்றாக வீசியது. லுங்கியின் நுனி மட்டும் ஆடியது.

"ஆட்டோ கூப்புடுங்கடா" என்று கத்தினான் தனகோட்டி.

மேஸ்திரி மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். "இனிமே எதுக்குடா?" என்றார்.

தனகோட்டி அங்கே கிடந்த தன் சும்மாட்டை எடுத்து வெளியே வீசினான். எத்திராஜின் சும்மாட்டைக் கொண்டுவந்து அவன் தலைக்குக் கீழே வைத்தான்.

"எனக்கு நீ ஒண்ணும் தர வேணாம் மாமே. படுத்துக்க."