நானூற்றுப் பத்து

"ஜஹீதா, ரெண்டே ரெண்டு போன். இல்லாத குழந்தைய எங்க எங்கன்னு கேட்டு உயிர எடுக்குது. இன்னிக்கே அத நிறுத்திடுங்க."

சொல்லிவிட்டு மேனேஜர் ஸ்ரீவத்சன் டீ குடிக்கப் போனான். பெருங்குடி அலுவலகத்துக்கு அவன் மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன்மேல் தப்பில்லை.

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோரின் போனில் காட்டும் செயலி அது. திறந்து வைத்திருக்கும்வரை போன் கேட்டுக்கொண்டே இருக்கும், சர்வர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பதில் சொல்லும் பகுதி முழுவதும் ஜஹீதா கட்டியது.

கட்டியது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்தச் சட்டகத்தோடு ப்ளகின் என்ற சின்னத் துணை நிரல் ஒன்றைச் சேர்த்தால் போதும், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முகவரி தானாகவே உண்டாகிவிடும். காட்டு, சேர், மாற்று, நீக்கு என்று கட்டளைகளும் கூடவே வந்துவிடும். ப்ளகின் கெட்டிக்காரத்தனமானது, நாசூக்குதான் தெரியாது.

பள்ளி தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்ட குழந்தையைப் பற்றிக் கேட்டால் அது 404 என்று சொல்லும். கிடைக்கவில்லை என்று பொருள். போன் அதை நம்பாது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, குழந்தையின் பெயருக்குக் கீழே 'தேடுகிறது' என்று போட்டுவிட்டு மறுபடி கேட்கும்.

இதற்கு மருந்து ஒரே வரி. 404க்குப் பதிலாக 410 அனுப்ப வேண்டும். இருந்தது, இப்போது இல்லை, இனி வராது, கேட்காதே. அதைக் கேட்டதும் போன் பெயரை அழித்துவிட்டு அடங்கிவிடும்.

ஜஹீதாவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்யவில்லை.

அந்த இரண்டு போன்களில் ஒன்று அவளுடையது.

அவள் மகள் ஹுமைரா போன மழைக்காலத்தில் டெங்குவில் போய்விட்டாள். இரண்டாம் வகுப்பு. கோபாலபுரத்தில் பள்ளி விடும் நேரத்துக்கு ஜஹீதா இன்றும் செயலியைத் திறந்து வைத்துக்கொள்கிறாள். ஹுமைரா, தேடுகிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறாள். உலகத்தில் வேறு யாரும் தன் மகளைத் தேடவில்லை.

கணவன் தல்ஹாகூடத் தேடவில்லை. மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுநாளே தி.நகர் கடையைத் திறந்துவிட்டான். குழந்தையின் சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டான். வீட்டில் அவள் பெயரை எடுப்பதில்லை. ஜஹீதா அழுதால் எழுந்து வெளியே போய்விடுவான். கல்நெஞ்சன் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

410 என்று அந்த வரியை எழுதினாள். கண் நிறைந்து திரை மங்கிப்போனது. பெற்ற பிள்ளையை இரண்டாம் தடவை தூக்கிக் கொடுப்பதுபோல் இருந்தது.

சேமிப்பதற்கு முன்னால், அந்த இன்னொரு போன் யாருடையது என்று பார்த்தாள். தன்னைப்போல் வேறொரு தாயாக இருக்கும், பாவம், அவளிடமாவது முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அந்தப் போனும் ஹுமைராவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. எண் ஜஹீதாவுக்கு மனப்பாடம்.

இருந்த இடத்திலிருந்தே தல்ஹாவை அழைத்தாள். உடனே எடுத்தான். அவள் பேச ஆரம்பிப்பதற்குள் அவனே அவசரமாகப் பேசினான்.

"கடைல நல்ல கூட்டம் ஜஹீ, அப்புறம் பேசட்டுமா?"

அவள் திரையைப் பார்த்தாள். அவன் போன் மறுபடியும் கேட்டது, ஹுமைராவின் வேன் எங்கே வருகிறது என்று.