அரை மார்க்

ஆலையில் பாய்லர் வெடித்து, அதை இயக்கிய என் கணவர் இறந்த பத்தாம் நாள், மேனேஜர் என்னை ஆபீசுக்கு அழைத்தார்.

“தப்பு உங்க வீட்டுக்காரர் மேலதாம்மா. பாய்லர் லாக் புக்குல அவரே கடைசியா எழுதியிருக்கார்.”

ஆங்கிலத்தில் ஒரே வரி: ‘ஐ வான்டட் டு ஸ்டாப் த மேனேஜர் செட் நோ’

“பாய்லரை நிறுத்தச் சொன்ன மேனேஜர், என்னையே தடுக்கப் பாத்து ‘நோ’ன்னிருக்கார். இங்கிலீஷ் உங்களுக்குப் புரியாது. தப்பு அவர் மேலதான்னு இதுல கையெழுத்துப் போடுங்க.”

“அவருக்கு மூச்சுவிடாம எழுதற வியாதி சார். எனக்கு எழுதின லெட்டர்லகூட புள்ளி இருக்காது.”

“அதுக்கு?”

அவர் நீட்டிய தாளில் கையெழுத்துக்குப் பதிலாக அந்த வரியை எழுதி, ‘ஸ்டாப்’புக்குப் பின் ஒரு புள்ளி வைத்தேன்.

“இப்பப் படிங்க. பாய்லரை நிறுத்தணும்னார் அவர். கூடாதுன்னது நீங்க.”

மேனேஜரின் முகம் வெளுத்தது. “நீங்க... என்ன வேலை பாக்கறீங்க?”

“இங்கிலீஷ் டீச்சர். புள்ளி வைக்காததுக்கு அவருக்கு அரை மார்க் குறைச்சாச்சு. உங்களுக்கு மார்க் போடவேண்டியது கோர்ட்.”